இ20 வந்த பிறகு பிக்கப் இல்லை: ஐஏடி சென்சாரில் ரெசிஸ்டர் போடலாமா?

வேலூர்_வெயில்

நண்பர்களுக்கு வணக்கம். 2018 மாடல், பிஎஸ்4, 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் எல்லா பங்க்கிலும் வந்த பிறகு வண்டி மந்தமாகிவிட்டது. சிக்னலில் எடுக்கும்போது ஒரு தயக்கம். ஏசி போட்டுக்கொண்டு நின்றால் ஸ்டீயரிங் வரைக்கும் உதறல் தெரிகிறது. மைலேஜும் போச்சு.

ஆன்லைனில் 'இ20 கரெக்ஷன் பிளக்' என்று 249 ரூபாய்க்கு ஒன்று விற்கிறார்கள். ஐஏடி சென்சாருக்கு, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாருக்கு நடுவில் மாட்டினால் போதுமாம். 20 சதவீதம் பவர் கூடும், மைலேஜும் கூடும் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். மேலே இருந்த கறுப்பு ஸ்லீவை வெட்டினால் உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர்தான். மீட்டரில் 2.2 கிலோ ஓம் காட்டுகிறது. இன்னும் வண்டியில் மாட்டவில்லை. மாட்டலாமா? செக் எஞ்சின் லைட் எதுவும் எரியவில்லை.

பட்டறைக்காரன்

மாட்டாதீங்க சார். லைட் எரியவில்லை என்பதற்காக வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஏசி போட்டால் உதறுகிறது என்கிறீர்களே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ரெசிஸ்டர் உதறலை நிறுத்தாது.

சேலம்_சிக்னல்

மாட்டுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தீர்களே, அதுவே நல்ல ஆரம்பம். அந்த ரெசிஸ்டர் என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்.

ஐஏடி சென்சார் ஒரு என்டிசி தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு உள்ளிருந்து 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, சென்சாரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து வெப்பத்தைக் கண்டுபிடிக்கும். தொடரில் இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் மொத்த ஓம் கூடிவிடும். ஈசியு 'காற்று குளிர்ந்திருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, ஆகவே பெட்ரோலைக் கூட்டு. தந்திரம் இவ்வளவுதான்.

இப்போது எண்களைப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் பரவலாக இருக்கும் பாஷ் வகை சென்சாருக்கு 20 டிகிரியில் 2,500 ஓம், 60 டிகிரியில் 600 ஓமுக்குப் பக்கம். உங்கள் 2.2 கிலோ ஓமைச் சேர்த்தால் 20 டிகிரி காற்றை ஈசியு 5 டிகிரி என்று படிக்கும். பொய் 15 டிகிரி. அதே ரெசிஸ்டர், வெயிலில் நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அறைக்குள் காற்று 60 டிகிரியைத் தொட்டால், அதை 17 டிகிரி என்று காட்டும். பொய் இப்போது 43 டிகிரி!

விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரே அளவு ரெசிஸ்டர் ஒரே அளவு பொய் சொல்வதில்லை. சூடு ஏற ஏறப் பொய்யும் பெரிதாகிறது. ஐஏடி சென்சார் பெட்ரோலுக்கு மட்டும் இல்லை. காற்று சூடாக இருந்தால் ஈசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விடும் நேரத்தை, கொஞ்சம் பின்னால் தள்ளும், நாக்கிங் (கலவை கட்டுக்கடங்காமல் வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க. மே மாத வேலூர் மதியத்தில், உள்ளே நாலு பேர், ஏசி, மேம்பாலம் ஏறும் நேரம். அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதை நாமே பிடுங்கி எறிகிறோம். நாக் சென்சார் இருந்தால் அது ஓரளவு காப்பாற்றும். இல்லையென்றால் பிஸ்டன்தான் அடி வாங்கும்.

ஒரு கேள்வி. ஏர் ஃபில்டர் பெட்டியை விட்டு வெளியே வரும் குழாயில் ஒரு சென்சார் இருக்கும். அதில் எத்தனை வயர்?

வேலூர்_வெயில்

இப்போதுதான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்து வயர். நன்றி அண்ணா, இந்த அளவுக்கு யாரும் விளக்கியதில்லை.

சேலம்_சிக்னல்

ஐந்து வயர் என்றால் அது அநேகமாகக் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார், ஐஏடியும் அதற்குள்ளேயே இருக்கும். இதில் கதையே மாறுகிறது.

வண்டிகள் காற்றை இரண்டு வகையில் கணக்கிடும். ஒன்று மேப் வகை. மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு சூடு என்பதை வைத்து அடர்த்தியைக் கணக்குப் போடும். இதில் வெப்பத்தில் பொய் சொன்னால் பெட்ரோல் நேரடியாக மாறும். இன்னொன்று மாஃப் வகை. சூடான கம்பி அல்லது படலத்தின் மேல் காற்று போகும்போது அது எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து, வினாடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று நேராகவே அளந்துவிடும். உங்கள் வண்டியில் எடையே கையில் இருக்கிறது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்க ஐஏடி பெரிதாகத் தேவையில்லை.

அப்படியானால் உங்கள் வண்டியில் அந்த 249 ரூபாய் பிளக் பெட்ரோலை அநேகமாகத் தொடவே தொடாது, டைமிங்கை மட்டும் கெடுக்கும். விற்பவர் இந்த வித்தியாசத்தைக் கேட்காமலேயே எல்லா வண்டிக்கும் ஒரே பிளக்கை அனுப்புகிறார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. காசு போனால் போகட்டும், நம்பி மாட்டுகிறவனின் எஞ்சினுக்கு யார் பொறுப்பு?

மேப் வகையிலும் இது நிலைக்காது. எக்ஸாஸ்ட் புகையில் மீதமிருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மாறி மாறிக் காட்டும். 0.45க்கு மேல் என்றால் பெட்ரோல் கூடுதல், கீழே என்றால் குறைவு. ஐடிலிங்கிலும் சீராக ஓட்டும்போதும் ஈசியு இதைப் பார்த்துப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் 7 சதவீதம் கூட்டினால் அது 7 சதவீதத்தைக் கழித்துவிடும். அந்தக் கழித்தலை லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் என்று நினைவிலும் எழுதி வைத்துக்கொள்ளும். மாட்டிய முதல் நாள் 'வண்டி பறக்குது' என்கிறவர்கள் பத்து நாள் கழித்துப் பேசாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் ஈசியுவில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் ஷார்ட் டெர்ம் (அந்தந்த நேரத்துத் திருத்தம்), லாங் டெர்ம் டிரிம் இரண்டையும் குறித்து இங்கே போடுங்கள்.

ராம்நாடு_ரைடர்

சேலம் அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னுடையது 500 சிசி ஒற்றை சிலிண்டர் பைக். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டிருக்கிறேன். போட்டதும் த்ராட்டிலை விட்டால் பட் பட் என்று வெடிக்கும், கீழ் ஆர்பிஎம்மில் இழுக்காமல் தள்ளாடும், ஹெட் அனலாகக் கொதிக்கும். ஐஏடிக்கு ஒரு ஷிஃப்டர் (காற்றைக் குளிராகக் காட்டும் பொருள்) போட்ட பிறகு இந்த மூன்றும் குறைந்தது. கற்பனை இல்லை. பாம்பன் பாலத்து எதிர்காற்றில் நாலாவது கியரில் திணறிக்கொண்டிருந்த வண்டி இப்போது ஐந்தில் போகிறது.

பைக்கில் மாசுக் கட்டுப்பாட்டுக்காக கலவையை மெலிதாக வைத்துத்தான் கம்பெனியிலிருந்தே அனுப்புகிறார்கள். சைலன்சரைத் திறந்துவிட்டால் இன்னும் மெலிகிறது. கொஞ்சம் பெட்ரோல் கூட்டினால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும். இதில் என்ன தப்பு? எல்லோராலும் முப்பதாயிரம் ரூபாய்க்கு, ஈசியுவோடு கூடுதலாக மாட்டும் பிக்கிபேக் ஈசியு வாங்க முடியாது.

சேலம்_சிக்னல்

தப்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி. உங்கள் வண்டி மேப் வகை. த்ராட்டிலை முழுதாகத் திறக்கும்போதும், திடீரென்று முறுக்கும்போதும் ஈசியு ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காது, அட்டவணையில் இருப்பதைத்தான் ஊற்றும். அந்த இடத்தில் ஷிஃப்டர் கூட்டுவது அப்படியே நிற்கும். நீங்கள் உணர்ந்தது உண்மையாகவே இருக்கலாம்.

கணக்கும் சொல்கிறேன். 40 டிகிரி காற்றை 20 என்று காட்டினால், கெல்வினில் 313ஐ 293ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 1.068. பெட்ரோல் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே கூடும். மெலிந்த கலவைக்கு இது நல்ல அளவுதான். பெட்ரோல் முழுதாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் அதிக பவர் கிடைப்பது 12.5, 13 பக்கம். அந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் போட்டிருப்பது எது? டென்மார்க்கில் செய்யும் பூஸ்டர்பிளக் போன்ற பொருள்களில் தனியாக ஒரு வெப்ப சென்சாரும் இருக்கிறது. குளிரானாலும் வெயிலானாலும் அதே 20 டிகிரி வித்தியாசத்தைக் காட்டுவதற்காகத்தான் அது. வெறும் ரெசிஸ்டர் என்றால் நான் மேலே சொன்ன 15, 43 கதைதான். உங்கள் ஊர் வெயிலில் 43 பக்கம்தான் அதிகம் ஓடும். 60 டிகிரியை 17 என்று காட்டினால் கணக்குப்படி 15 சதவீதம் கூடுதல் பெட்ரோல். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசம் வருகிறதா என்று.

திருச்சி_டர்போ

ஐஏடி வேண்டாம் என்றால் கூலன்ட் சென்சாரில் போடலாமே? எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாக நினைத்து ஈசியு பெட்ரோல் அதிகம் ஊற்றுமாம். ஒரு வீடியோவில் பார்த்தேன். காருக்குத்தான் கேட்கிறேன்.

பட்டறைக்காரன்

தம்பி, கையை எடுங்க அங்கிருந்து.

ரேடியேட்டர் ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்பதை முக்கால்வாசி கார்களில் ஈசியு அதே கூலன்ட் சென்சாரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. எஞ்சின் 100 டிகிரியைத் தாண்டும்போது உங்கள் ரெசிஸ்டர் 75 என்று காட்டினால் ஃபேன் ஓடாது. மீட்டரில் முள்ளும் ஏறாது, ஏனென்றால் அதுவும் அதே சிக்னல்தான். டோல்கேட் வரிசையில் நிற்கும்போது பானெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். அதற்குள் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டும் வளைந்திருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். சென்சார் வயரே அறுந்து போனால்கூட வண்டி தப்பிக்கும். அளவு எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று ஈசியுவுக்குத் தெரிந்துவிடும், பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிட்டு லைட்டையும் போடும். ரெசிஸ்டர் போட்டால் அது நம்பும்படியான ஒரு எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அறுந்த வயரை விட இது ஆபத்து. ஹெட் பிளேன் செய்து, கேஸ்கட் மாற்றி, லேபர் எல்லாம் சேர்த்து வரும் பில்லைப் பார்த்தவன் யாரும் இந்த வீடியோவை ஷேர் செய்ய மாட்டான்.

டீசல்_சவாரி

நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன். 1.3 லிட்டர் காமன்ரெயில் டீசல். கொல்லிமலை சவாரி அடிக்கடி வரும். 70 கொண்டை ஊசி வளைவு, உள்ளே ஐந்து பேர், ஏசியை அணைக்கச் சொன்னால் பார்ட்டி முகம் சுளிக்கும். ரெயில் பிரஷர் சென்சாரில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டியை ஸ்டாண்டில் ஒருவர் தந்தார். மாட்டினால் இழுவை நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐடிலிங்கில் டக் டக் சத்தம் கூடிவிட்டது, ஏற்றத்தில் பின்னால் கறுப்பாகப் புகை. வைத்துக்கொள்ளலாமா, கழற்றலாமா? வண்டிதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கேட்கிறேன்.

பட்டறைக்காரன்

இன்றைக்கே கழற்றிவிடுங்க அண்ணே.

ரெயில் என்பது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயர் அழுத்தக் குழாய். அதன் சென்சார் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை காட்டும். அந்தப் பெட்டி உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. அழுத்தம் பத்தவில்லை என்று ஈசியு பம்ப்பை முடுக்கும். இன்ஜெக்டர் திறக்கும் நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் டீசல் அதிகமாக இறங்குகிறது. அதனால்தான் இழுவை. உங்கள் வண்டியில் ரெயில் அழுத்தமே 1,600 பார் வரை போகும். அதற்கு மேல் எவ்வளவு போகிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது, ஈசியுவுக்கும் தெரியாது.

நல்ல டியூனிங் பெட்டிகள் லோடு ஏறும்போது மட்டும் கூட்டும், ஐடிலிங்கில் சும்மா இருக்கும். வெறும் ரெசிஸ்டர் வைத்த பெட்டி ஐடிலிங்கிலும் கூட்டும். அந்த டக் டக் அதுதான். கறுப்புப் புகை என்றால் டீசல் இருக்கிறது, எரிக்கக் காற்று இல்லை. எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது, டர்போ அதில்தான் சுழல்கிறது. இன்ஜெக்டர் நாசில், ஹை பிரஷர் பம்ப், டர்போ மூன்றையும் ஒரே நேரத்தில் தேய்க்கிறீர்கள். நாலு இன்ஜெக்டர் மாற்றினால் பல மாத வருமானம் போகும்.

மலை ஏற இழுவை வேண்டும் என்றால், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழியாக வரும் கரியும் ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருக்கும். கார்ப் கிளீனரைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும், துளைக்குள் ஊசி விடக் கூடாது. அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிளாம்ப் பக்கம் ஆயில் ஈரம் இருந்தால் அங்கே பூஸ்ட் கசிகிறது. டிராவல்ஸ் வண்டிகளில் 'புல்லிங் இல்லை' என்று வருவதில் நிறைய இந்த இரண்டோடு முடிந்துவிடும்.

டீசல்_சவாரி

கழற்றிவிட்டேன். சத்தம் உடனே அடங்கியது. ஹோஸ் விஷயம் நாளை பார்க்கிறேன். ரொம்ப நன்றிங்க.

நெறியாளர்

எல்லோர் கவனத்துக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் குறித்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது, பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை ஸ்பேசர் வைத்து ஏமாற்றுவது பற்றிய செய்முறைகளை இங்கே பதிய வேண்டாம். அந்த ஸ்பேசர் ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது, லைட்டை அணைக்க மட்டும்தான். பேச்சு தொடரட்டும்.

வேலூர்_வெயில்

ஸ்கேனர் வந்துவிட்டது. எஞ்சின் சூடான பிறகு எடுத்த அளவுகள். ஐடிலிங்கில் லாங் டெர்ம் பிளஸ் 17 சதவீதம், ஷார்ட் டெர்ம் 0 முதல் 3 வரை ஆடுகிறது. 2,500 ஆர்பிஎம்மில் லாங் டெர்ம் பிளஸ் 8. அறுபதில் சீராக ஓட்டும்போது பிளஸ் 6. கோடு எதுவும் பதிவாகவில்லை. இதற்கு என்ன அர்த்தம்?

பட்டறைக்காரன்

அர்த்தம் தெளிவாக இருக்கிறது சார். வேக்யூம் லீக்.

மாஃப் வண்டியில் மாஃபைத் தாண்டி எங்காவது ஓட்டை இருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே போகும். அந்தக் காற்று ஈசியு கணக்கில் இல்லை. ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று கத்திக்கொண்டே இருக்கும், டிரிம் ஏறிக்கொண்டே போகும். ஐடிலிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் நல்ல வழியாக நிறையக் காற்று வரும், ஓட்டையின் பங்கு சிறிதாகிவிடும். அதனால்தான் 17 என்பது 6 ஆகிறது. இதுவே தலைகீழாக, ஐடிலிங்கில் நன்றாக இருந்து ஓட்டும்போது ஏறினால் ஃபியூல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கு மாஃப் என்று தேடுவோம்.

லைட் ஏன் வரவில்லை என்றால், பெரும்பாலான வண்டிகளில் 20, 25ஐத் தாண்டினால்தான் 'சிஸ்டம் டூ லீன்' என்று பி0171 கோடு வரும். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.

எஞ்சினை ஓடவிட்டு முதலில் பிசிவி ஹோஸை (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) பாருங்கள், முக்கியமாக அது வளையும் இடத்தின் அடிப்பக்கம். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், அடியில் வாய் பிளந்திருக்கும். அப்புறம் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட். சந்தேகப்படும் ஹோஸை இரண்டு விரலால் அழுத்தி மூடுங்கள். ஐடிலிங் சத்தம் மாறினால் அதுதான் ஆள். சூடான எஞ்சின் மேல் கார்ப் கிளீனர் அடித்து லீக் தேடுகிற வேலை மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

வேலூர்_வெயில்

அப்படியே இருந்தது! பிசிவி ஹோஸ், நீங்கள் சொன்ன அதே வளைவில், அடியில். விரல் வைத்து அழுத்தினதும் ஐடிலிங் இறங்கி உதறல் நின்றது. ரப்பர் கல் மாதிரி இறுகி, நகம் பட்டாலே பொடியாக உதிர்கிறது. புது ஹோஸ் போட்டாயிற்று. அந்த ரெசிஸ்டர் பிளக்கைவிட விலை கொஞ்சம்தான் அதிகம். கூடவே மாஃபுக்கென்றே விற்கும் கிளீனரால் சென்சாரையும் தெளித்துக் காய வைத்து மாட்டினேன். த்ராட்டில் பாடியில் தட்டின் விளிம்பைச் சுற்றி கறுப்பு வளையம் இருந்தது, அதையும் துடைத்துவிட்டேன்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஐடிலிங்கில் பிளஸ் 6, 2,500இல் பிளஸ் 5. சிக்னலில் தயக்கம் இல்லை. மீதி 6 ஏன் இருக்கிறது? இன்னும் எங்காவது கசிகிறதா? இ20தான் ஹோஸை அரித்ததா?

சேலம்_சிக்னல்

அந்த 6, பெரும்பாலும் இ20. முழுதாக எரிய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இ10 என்றால் 14.1 பக்கம், இ20 என்றால் 13.5 பக்கம் வரும். அதே காற்றுக்கு, இ10இல் இருந்து இ20க்குப் போனால் ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும், சுத்த பெட்ரோலில் இருந்து என்றால் 8க்குப் பக்கம். உங்கள் 5, 6 அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே அளவாக இருப்பதால் லீக் இல்லை. 'இ20 கரெக்ஷன்' என்ற பெயரில் விற்கிறார்களே, அந்த வேலையை உங்கள் ஈசியு யாரும் சொல்லாமலேயே செய்து வைத்திருக்கிறது. பாவம், அதன் கை முழுவதும் அந்த ஓட்டையை அடைப்பதில் போய்க்கொண்டிருந்தது.

ஹோஸ் விஷயத்தில் இ20 மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. பிசிவியில் போவது கிராங்க்கேஸ் ஆவி. வெப்பமும் ஆயில் ஆவியும் சேர்ந்தால் ஏழெட்டு வருட ரப்பர் இறுகத்தான் செய்யும். மைலேஜ் வேறு விஷயம். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20இல் 6, 7 சதவீதம் குறையும். அதை எந்த சென்சாரும் திருப்பித் தராது.

பணம் செலவில்லாத இன்னொரு வேலை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேல், சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப் சரியில்லை. ஸ்ட்ராப் இரண்டு முனையையும் கழற்றி, உப்புத்தாள் போட்டு பளபளவென்று தேய்த்து, வாசலின் தடவி இறுக்குங்கள். எர்த் ஆடினால் சில சென்சார்களின் சிக்னலும் சேர்ந்து ஆடும், இக்னிஷனும் பலவீனமாகும். கடலோர ஊர்க்காரர்கள் வருடம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

ராம்நாடு_ரைடர்

எர்த் பார்த்தேன், 0.3 காட்டியது. உப்புக் காற்று. தேய்த்துப் போட்டதும் 0.04. ஸ்டார்ட்டிங் சட்டென்று எடுக்கிறது, அதற்கு நன்றி.

என் ஷிஃப்டரும் வெறும் ரெசிஸ்டர்தான், பிரித்துப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் இல்லை. ஆனாலும் கழற்ற மனசில்லை அண்ணா, வண்டி நன்றாக ஓடுகிறது. பிளக் முனையும் பிஸ்கட் நிறத்தில்தான் இருக்கிறது. நண்பர் ஒருவர் ட்ராக் பைக்குக்கு வைத்திருக்கும், காற்று பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை மாட்டிப் பார்த்து 13க்குக் கீழே போகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்கிறேன். எங்கே வெல்டிங் வைப்பது?

சேலம்_சிக்னல்

அப்படிச் செய்யுங்கள், அதற்கு மேல் நான் வாதாட மாட்டேன். பிளக் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் நிறம் ஏறவே நாளாகும், கடைசி ஐந்து நிமிடம் எப்படி ஓட்டினீர்கள் என்பதும் அதைக் கெடுக்கும்.

சென்சாரைத் திருகும் மரை வளையத்தை வெல்டிங் வைக்க வேண்டிய இடம் சிலிண்டருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் நடுவில் உள்ள பெண்ட் பைப். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு ரொம்பப் பக்கம் வேண்டாம், சென்சார் அளவுக்கு மீறிச் சூடாகும். சைலன்சர் வாய்ப் பக்கமும் வேண்டாம், வெளிக்காற்று கலந்து மெலிந்த கலவை மாதிரிப் பொய் காட்டும். குழாயின் மேல் பாதியில், கிடைமட்டத்திலிருந்து பத்து டிகிரியாவது மேலே தூக்கி வையுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் சேரும் தண்ணீர் உள்ளே இறங்கி, சூடான செராமிக்கில் விரிசல் விடும். ஜாயின்ட்டில் கசிவு இருந்தாலும் அளவு பொய்தான், கேஸ்கட் புதுசு போடுங்கள். மீட்டரில் இ20க்கு எண்ணை லாம்டாவில் (முழுதாக எரியத் தேவையான காற்றை 1 என்று வைக்கும் அளவு) வைத்துப் பாருங்கள், ஏர் ஃபியூலில் பார்க்க வேண்டாம். பெட்ரோல் அளவுகோலில் 13 என்று காட்டுவது லாம்டா 0.88. பவருக்கு 0.85 முதல் 0.9 வரை போதும். அதற்குக் கீழே இறங்கினால் ரெசிஸ்டர் மதிப்பைக் குறைத்து, மதிய வெயிலில் மறுபடி அளந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு எடுத்த அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

சென்சாரை மாட்டிவிட்டு ஹீட்டருக்கு கரண்ட் கொடுக்காமல் வண்டியை ஓட்டக் கூடாது, கரி படிந்து வீணாகிவிடும், இரவல் பொருள் வேறு. வெல்டிங்குக்கு பைப்பை வண்டியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியிலேயே வைக்க வேண்டும் என்றால் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் ஈசியு கனெக்டரையும் முதலில் கழற்றிவிடுங்கள்.